வெப்பங் காக்கும் கொங்கிறீற்றுச் சுவர்ப்பலகைகள்: மலைநாட்டுப் பண்ணைக் கட்டடங்களில் அவற்றின் உறுதி

மலைநாட்டிற் கட்டடம் அமைப்போர் இருவகை இடர்களை ஒருங்கே எதிர்கொள்ள வேண்டியவராகின்றனர். ஒன்று, குளிரும் ஈரமும். மற்றொன்று, சரிவும் காற்றும். நுவரெலியா நகர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கு ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியசு அளவினது. தை, மாசி மாதங்களிற் சில இரவுகளில் நிலத்தில் உறைபனி படிவதை இப்பகுதி மரக்கறிச் செய்கையாளர் அனைவரும் அறிவர். அட்டன் பகுதியோ அதனிலும் தாழ்ந்தது. எனினும் அங்கு தென்மேற்குப் பருவக்காற்றின் மழை மிகுதி. அண்மையிலுள்ள வட்டவளையில் ஆண்டு மழைவீழ்ச்சி 5,000 மில்லிமீற்றரைத் தாண்டுகின்றது.

இவ்விரு இடர்களுக்கும் ஒரே மருந்தென இக்காலத்தில் விற்கப்படுவன வெப்பங் காக்கும் கொங்கிறீற்றுச் சுவர்ப்பலகைகள். அவை குளிரைத் தடுக்கும், விரைவிற் கட்டி முடிக்கலாம், செங்கற் சுவரிலும் நிறை குறைந்தவை என்று கூறப்படுகின்றது. இவை உண்மையே. ஆயினும், “அவை எவ்வளவு உறுதியானவை? எந்தச் சுமையைத் தாங்கும், எதனைத் தாங்கமாட்டா?” என்னும் வினாவுக்கு விடை தெரியாமல் அவற்றைக் கொண்டு கட்டுதல் தக்கதன்று. கன்றும் விதைக்கிழங்கும் மாத்திரமன்றிக் கட்டடத்தினுள் வேலை செய்யும் மனிதரும் அச்சுவரை நம்பியே இருக்கின்றனர். ஆகவே, இவற்றின் உறுதி எங்கிருந்து வருகின்றது என்பதையும், வாங்குமுன்னும் கட்டும்போதும் கவனிக்க வேண்டியவற்றையும் இத்துண்டுப்பிரசுரத்திற் கூறுவோம்.

முதலில் ஒரு கேள்வி: உமக்கு இச்சுவர் வேண்டுமா?

பணத்தைச் செலவிடுமுன் இக்கேள்விக்கு விடை காண்க. வளர்ந்த கறவை மாட்டுக்கு வெப்பங் காக்கும் சுவர் பெரும்பாலும் வேண்டியதில்லை. பிரீசியன் முதலிய ஐரோப்பிய இனப் பசுக்கள் 5 முதல் 25 பாகை செல்சியசு வரையுள்ள வெப்பநிலையில் நலமாக வாழும். அவற்றுக்கு வேண்டியவை உலர்ந்த தரை, மழைச்சாரல் படாத கூரை, நேரடிக் குளிர்காற்றைத் தடுக்கும் இடுப்பளவுச் சுவர், அதற்கு மேலே தாராளமான காற்றோட்டம் ஆகியனவே. நாற்புறமும் இறுக மூடிய தொழுவத்தில் ஈரமும் அமோனியா வாயுவும் தேங்கிப் பசுவின் நுரையீரலைக் கெடுக்கும்.

விதை உருளைக்கிழங்கைப் பரவிய ஒளியிற் சேமிக்கும் முறையைக் கைக்கொள்வோருக்கும் இச்சுவர் ஏற்றதன்று. பேரு நாட்டின் லீமா நகரில் 1971 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சர்வதேச உருளைக்கிழங்கு நிலையம் பல நாடுகளிற் பரப்பிய அம்முறையில், முளைகள் குட்டையாயும் பச்சையாயும் தடித்தும் வளர வெளிச்சமும் காற்றும் வேண்டும். அதற்கு மரச்சட்டமும் வலையும் ஒளிபுகும் தகடுமே போதுமானவை.

வெப்பங் காக்கும் சுவர் உண்மையாகப் பயன்படும் இடங்கள் நான்கு. முதலாவது, கோழிக்குஞ்சு வளர்க்கும் அறை. முதல் வாரத்திற் குஞ்சுகளுக்கு 32 முதல் 35 பாகை வரை வெப்பம் வேண்டும். வெளியே 8 பாகையாக இருக்கும் இரவில் மெல்லிய சுவர் அவ்வெப்பம் அனைத்தையும் வெளியே விட்டுவிடும். இரண்டாவது, பன்றிக்குட்டிகளும் பிறந்து சில நாளான கன்றுகளும் தங்கும் அறை. மூன்றாவது, வெப்பநிலை மாறாதிருக்க வேண்டிய காளான் அறை. நான்காவது, விதைக்கிழங்கை 2 முதல் 4 பாகையிலும் மரக்கறியை அதற்கேற்ற குளிரிலும் வைக்கும் குளிர் அறை. கொத்மலை, வலப்பனை, அங்குராங்கெத்த ஆகிய தாழ்ந்த பள்ளங்களில் நெல் விளைவிப்போர் விதைநெல்லை வெயிற் சூட்டிலிருந்து காக்கவும் இதனைப் பயன்படுத்தலாம். ஆயினும் நெல்லின் ஈரம் 13 வீதத்துக்கு மேற்படின் எச்சுவரும் அதனைக் காக்காது.

பலகைகளின் வகைகள்

சந்தையில் ஒரே பெயரால் வழங்கும் பலகைகள் உண்மையில் மூன்று வேறு பொருள்கள். இவற்றை வேறுபடுத்தி அறிதல் மிக முக்கியம்.

முதல் வகை, இரண்டு கொங்கிறீற்றுத் தட்டுகளுக்கிடையில் ரிஜிபோம் எனப்படும் வெண்ணுரைத் தகட்டை வைத்துத் தொழிற்சாலையில் வார்க்கப்படுவது. இந்நுரைப் பொருள் 1950 ஆம் ஆண்டையொட்டி ஜேர்மனியில் ஆக்கப்பட்டது. மீன்பெட்டிக்கும் மின்கருவிப் பொதிக்கும் பயன்படுவதை யாவரும் கண்டிருப்பர். இரு தட்டுகளையும் நுரையினூடாகச் செல்லும் கம்பிகளோ கொங்கிறீற்று விலாக்களோ பிணைக்கின்றன.

இரண்டாம் வகையில், நுரைத் தகட்டின் இருபுறமும் ஒட்டுக் கம்பிவலை பொருத்தப்பட்டிருக்கும். குறுக்குக் கம்பிகள் நுரையை ஊடுருவி இரு வலைகளையும் இணைக்கும். இதனை நிறுத்திவிட்டு, இரு பக்கத்திலும் சீமெந்துச் சாந்தை வீசி அல்லது பூசிச் சுவராக்குவர்.

மூன்றாம் வகையில் தனியான நுரைத் தகடு இல்லை. நுரை மணிகளைச் சீமெந்துடன் கலந்து, இருபுறமும் மெல்லிய நார்ச்சீமெந்துத் தகடு இட்டு வார்ப்பர். பெரும்பாலும் 2,400 மில்லிமீற்றர் நீளமும் 600 மில்லிமீற்றர் அகலமும் உடையதாய், ஓரங்களில் நாக்கும் பள்ளமுமாய்ப் பொருந்தும் இப்பலகையே இலங்கையிற் பலரும் காண்பது. இது இலேசானது, வாளால் அறுக்கத்தக்கது. ஆனால் இவ்வகை தூண்களுக்கிடையே அடைப்புச் சுவராக நிற்பதற்கே தக்கது. கூரையையும் காற்றையும் தானே தாங்கும் பொறுப்பை இதனிடம் ஒப்படைத்தல் கூடாது.

உறுதியின் இரகசியம் பிணைப்பிலே

சுவர் ஒன்று கூரையின் நிறையால் நசுங்கி விழுந்ததாக நாம் கேள்விப்படுவது அரிது. கணக்கிட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். 50 மில்லிமீற்றர் தடிப்பும் ஒரு மீற்றர் நீளமும் உள்ள நல்ல கொங்கிறீற்றுத் தட்டு நசுங்குவதற்கு ஏறக்குறைய நூறு தொன் சுமை வேண்டும். பண்ணைக் கட்டடத்தின் தகரக் கூரை அந்த ஒரு மீற்றர் சுவரின்மேல் ஏற்றுவது சில நூறு கிலோகிராமே. சுவர்கள் நசுங்குவதில்லை, அவை வளைந்து முறிகின்றன. காற்றோ மண்ணோ குவித்த கிழங்கோ பக்கவாட்டில் தள்ளும்போது வளைவு தொடங்குகின்றது. வளைந்த சுவரின்மேற் கூரைச் சுமை சாய்வாக விழுந்து வளைவைக் கூட்டுகின்றது.

எனவே, சுவர்ப்பலகையின் உறுதி என்பது பெரும்பாலும் வளையாமல் நிற்கும் விறைப்பேயாகும். இதனை வீட்டிலேயே சோதித்து அறியலாம். ஒரேயளவான இரண்டு பலகைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரு செங்கற்களின்மேற் கிடத்தி நடுவில் அழுத்துக. அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி எளிதில் வளையும். பின்னர் அவ்விரண்டையும் பசையிட்டு நன்கு ஒட்டி, திருகாணியால் இறுக்கி, மீண்டும் அழுத்துக. இப்போது அவை ஏறக்குறைய நான்கு மடங்கு விறைப்பாய் நிற்கும். மரத்தின் அளவு மாறவில்லை. வழுக்குதல் மாத்திரமே தடுக்கப்பட்டது.

கொங்கிறீற்றுப் பலகையிலும் இதுவே நிகழ்கின்றது. 50 மில்லிமீற்றர் கொங்கிறீற்று, 50 மில்லிமீற்றர் நுரை, 50 மில்லிமீற்றர் கொங்கிறீற்று என்றவாறு அமைந்த பலகையை எடுத்துக்கொள்வோம். இரு தட்டுகளும் பிணைப்பின்றித் தனித்தனியே வளையுமாயின், விறைப்பு இரண்டு மெல்லிய தட்டுகளின் விறைப்பே. அவை முற்றாகப் பிணைக்கப்பட்டு ஒருமித்து வேலை செய்யுமாயின், விறைப்பு 13 மடங்காகின்றது. வெடிக்குமுன் தாங்கும் வளைவுச் சுமையும் நான்கு மடங்குக்கு மேலாகின்றது. ஒரே கொங்கிறீற்று, ஒரே நுரை, ஒரே தடிப்பு. வேறுபாடு முழுவதும் உள்ளே மறைந்துள்ள பிணைப்பில் இருக்கின்றது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு பலகைகளும் ஒன்றுபோலவே தோன்றும். ஆதலாற்றான் இதனை வாங்குவோர் ஏமாறுவது எளிது.

நடைமுறையிலுள்ள பலகைகளிற் பெரும்பாலானவை இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்டவை. நுரையும் கொங்கிறீற்றும் ஒட்டியிருப்பதாலும் புதிதில் ஓரளவு பிணைப்பு உண்டு. ஆனால் ஈரமும், நாள்தோறும் மாறும் வெப்பமும், காலமும் அவ்வொட்டை விடுவித்துவிடும். எனவே அதனை நிரந்தர உறுதியாகக் கணக்கிற் கொள்ளலாகாது. கம்பியோ விலாவோ தரும் பிணைப்பே நிலையானது.

வலிமையும் வெப்பமும் ஒன்றையொன்று விட்டுக்கொடுத்தல்

பிணைப்பை மிகுதியாக இட்டால் என்ன என்று கேட்கலாம். இங்கேதான் இச்சுவரின் இக்கட்டு உள்ளது. 50 மில்லிமீற்றர் நுரை, வெப்பத்தைத் தடுப்பதில் ஏறக்குறைய இரண்டு மீற்றர் தடித்த கொங்கிறீற்றுக்குச் சமமானது. அந்நுரையை வெட்டிச் செல்லும் ஒவ்வொரு கொங்கிறீற்று விலாவும் வெப்பம் ஓடுவதற்கு ஒரு வாய்க்காலாகின்றது. வயலின் வரம்பில் நண்டுவளை நீரை ஒழுக விடுவதுபோல, அவ்விலா வெப்பத்தை ஒழுக விடும். பலகைப் பரப்பிற் பத்தில் ஒரு பங்கு மாத்திரம் விலாவாக அமைந்தாலே, சுவரினூடாக வெளியேறும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். மேலும் உள்ளே ஈரம் மிகுந்த அறைகளில் அவ்விலாக்களின் நேரே சுவர் குளிர்ந்து நீர்த்துளி படியும். பூஞ்சணம் முதலிற் பிடிப்பதும் அங்கேயே.

உருக்குக் கம்பி கொங்கிறீற்றிலும் மிக விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஆனால் அதன் பருமன் சிறிதாகையால் இழப்புக் குறைவு. குறுக்கும் நெடுக்குமாக வளைந்து செல்லும் கம்பிச்சட்டம் நல்ல பிணைப்பையும் தரும். நார்க்கண்ணாடிப் பிணைப்புகள் வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்துவன, விலை கூடியன. குஞ்சு அறைக்கும் கன்று அறைக்கும் துத்தநாகப் பூச்சிட்ட கம்பிப் பிணைப்பே போதுமானது. குளிர் அறைக்கு மாத்திரம் விலாவற்ற பலகையையும் 100 மில்லிமீற்றர் நுரையையும் கேட்டு வாங்குக.

இன்னொன்றும் உண்டு. நன்கு பிணைக்கப்பட்ட பலகையின் வெளித்தட்டு வெயிலாற் சூடேறி விரிய, உட்தட்டு குளிர்ந்தபடியே இருக்கும். அதனாற் பலகை வில்போல் வெளிப்புறம் வளையும். மூன்று மீற்றர் உயரமான 150 மில்லிமீற்றர்ப் பலகையில் இரு முகங்களுக்கும் 20 பாகை வேறுபாடு இருப்பின், நடுவில் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீற்றர் வளைவு ஏற்படும். இது சிறிதே, பலகைக்குக் கேடில்லை. ஆனால் நுவரெலியாவிற் பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறிமாறி வருதலால், இவ்வசைவு நாள்தோறும் நிகழும். பொருத்துகளை வெறுஞ் சீமெந்துச் சாந்தால் மாத்திரம் அடைத்தால் அவை வெடித்து மழைநீரை உள்ளே விடும். ஆகவே பொருத்தின்மேல் நார்வலைப் பட்டையும், வெளிப்புறத்தில் இளகுந்தன்மையுள்ள அடைப்புப் பசையும் இடுதல் வேண்டும்.

காற்று

மணிக்கு 120 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று, சுவரின் ஒவ்வொரு சதுர மீற்றரின்மேலும் ஏறக்குறைய 68 கிலோகிராம் நிறைக்குச் சமமான அழுத்தத்தைத் தருகின்றது. ஒன்பது அங்குலச் செங்கற் சுவரின் நிறை சதுர மீற்றருக்கு 400 கிலோகிராமுக்கு மேற்பட்டது. அது தன் நிறையாலேயே ஓரளவு நிலைத்து நிற்கும். 100 மில்லிமீற்றர் நுரைமணிப் பலகையின் நிறையோ 70 கிலோகிராம் அளவினதே. இலேசாயிருத்தல் தூக்குவோருக்கு நன்மை. காற்றின் எதிரில் அதுவே குறை. அத்துடன் கூரைத் தகரத்தின் நிறை சதுர மீற்றருக்கு ஐந்து கிலோகிராம் அளவேயாதலால், மலையிடுக்கிற் சுழலும் காற்று கூரையைத் தூக்கும்போது அதைப் பிடித்து வைப்பது சுவரன்று, கட்டுக்கம்பியே.

ஆகையால் நுரைமணிப் பலகை கொண்டு கட்டும்போது மூன்று மீற்றருக்கு ஒரு கம்பியிட்ட கொங்கிறீற்றுத் தூணும், சுவரின் தலையில் நாற்புறமும் தொடரும் கொங்கிறீற்று வளைவிட்டமும் வேண்டும். கூரை மரங்களை அவ்விட்டத்திற் புதைத்த ஆணிகளுடனே பிணைக்க. பலகையில் நேரே அறைந்த ஆணி நுரைமணிக் கலவையிற் பிடிக்காது. சில நாளில் ஆடிக் கழன்றுவிடும். பலகையிற் பாரம் தொங்கவிட வேண்டின், ஊடுருவிச் செல்லும் மரையாணியும் இருபுறமும் அகன்ற தட்டும் இடுக.

மண்: பெரும் பகை

மலைநாட்டிற் பெரும்பாலான கட்டடங்கள் சரிவை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில் அமைகின்றன. வெட்டிய மண்ணுக்கும் பின்சுவருக்கும் இடையேயுள்ள வெளியை, இடத்தைச் சேமிக்கும் பொருட்டு மண்ணால் நிரப்பிவிடுவது வழக்கமாயிற்று. சுவர்ப்பலகைக்கு இது கொல்லும் நஞ்சாகும்.

ஒன்றரை மீற்றர் உயரத்துக்கு நிரப்பிய, நீர் வடிந்த மண் சுவரின் ஒவ்வொரு மீற்றர் நீளத்தின்மேலும் ஏறக்குறைய 675 கிலோகிராம் விசையுடன் தள்ளும். அதே மண்ணில் நீர் வடியாமற் தேங்கினால் அவ்விசை 1,500 கிலோகிராம் ஆகின்றது. அஃதாவது, அடைமழையின்போது சுமை இரட்டிப்புக்கு மேலாகின்றது. கோடையில் ஆண்டுக்கணக்கில் அசையாமல் நின்ற சுவர் ஒரே இரவில் விழுவதன் காரணம் இதுவே. வெப்பங் காக்கும் சுவர்ப்பலகை ஒருபோதும் மண் தாங்கும் அணையாகாது. சுவருக்கும் வெட்டுக்கும் இடையில் ஒரு மீற்றர் வெளியும் அதில் நீர் ஓடும் கானும் விடுக. மண்ணைத் தாங்குவதற்குக் கருங்கல்லாற் கட்டிய, நீர்த்துளை விட்ட தனி அணை வேண்டும்.

சரிவு முழுதும் நகருமாயின் எச்சுவரும் நில்லாது. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆந் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்கள் மண்ணுள் புதையுண்டதையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மலைநாடெங்கும் நிகழ்ந்த மண்சரிவுகளையும் நாம் மறத்தற்கில்லை. நுவரெலியா உட்பட மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களிற் கட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் இடர் மதிப்பீட்டைப் பெறல் வேண்டும். சுவரின் உறுதியைக் கேட்குமுன் நிலத்தின் உறுதியைக் கேட்பதே முறை.

கிழங்கும் நெல்லும் பசளையும்

குவித்து வைத்த விளைபொருளும் மண்ணைப்போலவே பக்கவாட்டில் தள்ளும். ஒன்றரை மீற்றர் உயரத்துக்குச் சுவரோடு குவித்த உருளைக்கிழங்கு, அடியில் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் ஏறக்குறைய 330 கிலோகிராம் அழுத்தம் தருகின்றது. இது முற்கூறிய பெருங்காற்றின் அழுத்தத்தைப்போல் ஐந்து மடங்கு. எனவே கிழங்கைப் பெட்டியிலோ தட்டிலோ வைக்க. நெல்மூட்டைகளைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, மரச்சட்டத்தின்மேல் அடுக்குக. சுவருக்கும் பாரமில்லை, காற்றும் செல்லும், எலியின் நடமாட்டமும் கண்ணுக்குத் தெரியும்.

பசளை மூட்டைகளைச் சுவரோடு சார்த்துதல் வேறொரு வகையிற் கேடு செய்யும். அமோனியம் சல்பேற்று ஈரம்பட்டுக் கசியும்போது கொங்கிறீற்றையே அரித்து மென்மையாக்கும். மியூரியேற்றுப் பொட்டாசு கொங்கிறீற்றினுள் ஊறி உருக்குக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். சாணமும் மாட்டு மூத்திரமும் நாட்செல்லச் செல்ல இவ்வாறே தீங்கு விளைக்கும். 50 மில்லிமீற்றர்த் தட்டில் கம்பிக்கு மேலே 20 மில்லிமீற்றர்க் கொங்கிறீற்று மூடலே உண்டு என்பதை நினைவிற் கொள்க. துருப்பிடித்துப் பருத்த கம்பி அதனை எளிதில் வெடிக்கச் செய்யும். தொழுவத்தில் அடியிலிருந்து ஒரு மீற்றர் உயரம் வரை அடர்ந்த சீமெந்துப் பூச்சிட்டு, நாள்தோறும் கழுவி நீரை வடியச் செய்க.

பசு சுவரிற் சாய்ந்து உரசும். சில வேளை முட்டும். நுரைமணிப் பலகையின் மெல்லிய முகத்தகடு இதற்குத் தாங்காது. சுவருக்கு அரை மீற்றர் முன்னே, தரையிற் புதைத்த தனித்தூண்களில் இரும்புக்குழாய்த் தடுப்பு அமைக்க. அத்தூண்களைச் சுவருடன் இணைத்தலாகாது.

எலி, எறும்பு, நெருப்பு

நுரை உணவன்று, ஆயினும் எலி அதைக் கொறித்துக் கூடு கட்டும், எறும்பும் குடியேறும். உள்ளே நுரை குழிந்த இடத்தில் மெல்லிய தட்டுகள் ஆதாரமின்றி நிற்கும். எனவே பலகையின் அறுத்த ஓரம், சன்னற் புறம், மின்குழாய் செல்லும் துளை ஆகிய எதையும் திறந்தபடி விடலாகாது. யாவற்றையும் சீமெந்துச் சாந்தால் அடைக்க.

நுரை 100 பாகை வெப்பத்திலேயே இளகிச் சுருங்கும். நெருப்புப் பற்றின் கரும்புகையுடன் எரியும். நல்ல கொங்கிறீற்று மூடல் இருக்கும்வரை அபாயம் குறைவு. குஞ்சு அறையில் அடுப்பு அல்லது விளக்கு வைப்போர் அதைச் சுவரிலிருந்து ஒரு மீற்றராவது தள்ளி வைக்க. வெறும் நுரைத் தகட்டைக் கூரைக்கு அடியில் மூடாமல் அறைதல் மிகவும் தீங்கானது.

வாங்குமுன் செய்யத்தக்க சோதனைகள்

1. அறுத்த துண்டொன்றைக் காட்டும்படி விற்பவரைக் கேட்க. இரு தட்டுகளையும் பிணைக்கும் கம்பியோ விலாவோ கண்ணாற் காணப்பட வேண்டும். அவை காணப்படாவிடின் அப்பலகையை அடைப்புச் சுவருக்கன்றி வேறெதற்கும் கொள்ளற்க.

2. கம்பி பூச்சிட்டதா, துருவேறியதா என நோக்குக.

3. நுரைமணிப் பலகையாயின் வளைவுச் சோதனை செய்க. பலகையின் இரு முனைகளையும் தாங்கல்களின்மேல் வைத்து, மணல் மூட்டைகளைச் சீராகப் பரப்புக. இவ்வகைப் பலகைகளுக்கான சீன நாட்டு நியமம், தன் நிறையைப்போல் ஒன்றரை மடங்கு சுமைவரை முறியாதிருத்தலை வேண்டுகின்றது. 30 கிலோகிராம் மணல்மூட்டையை ஊசலாக விட்டு ஐந்து முறை மோதினும் ஊடுருவும் வெடிப்பு ஏற்படலாகாது என்பதும் அந்நியமத்தின் விதி. சோதனையின்போது பலகையின் கீழே ஒருவரும் நிற்கவோ கையை வைக்கவோ கூடாது.

4. பலகையைத் தூக்கிச் செல்லும் வழியை எண்ணிப் பார்க்க. 2,400 க்கு 600 மில்லிமீற்றர் அளவுள்ள 100 மில்லிமீற்றர் நுரைமணிப் பலகை நூறு கிலோகிராம் அளவினது. நால்வர் தோட்டப் பாதையிற் சுமந்து செல்லலாம். அதே நீள அகலத்தில் 50 மில்லிமீற்றர்த் தட்டுகள் இரண்டுள்ள முதல் வகைப் பலகை ஏறக்குறைய 345 கிலோகிராம். இயந்திரமின்றி நிறுத்துதல் உயிருக்கு ஆபத்து. லொறி செல்லாத இடத்துக்குக் கம்பிவலைப் பலகையே வசதியானது. நுரையும் வலையுமாகச் சுமந்து சென்று அங்கேயே சாந்து பூசலாம்.

5. பொறுப்புள்ள நிறுவனத்தின் சோதனைச் சான்றிதழ் கேட்க. அதில் நசுக்குறுதி மாத்திரம் எழுதியிருப்பின் போதாது. வளைவுறுதியும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.

கட்டும்போது

அத்திவாரத்தின்மேல் ஈரத்தடை இட்டு, நிலமட்டத்திலிருந்து குறைந்தது ஓரடி உயரத்திற் பலகையைத் தொடங்குக. கதவு, சன்னல் ஆகியவற்றின் மூலைகளிலேயே வெடிப்பு முதலில் தோன்றும். அம்மூலைகளிற் சாய்வாக மேலதிகக் கம்பிவலை வைக்க. சாந்து பூசும் வகையில், ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு கழுவிய மணல் சேர்த்து, வலை முற்றாக மறையும்படி இரண்டு தரம் பூசுக. ஏழு நாள் ஈரச்சாக்கினால் மூடி வைக்க. நுவரெலியாக் குளிரிற் சீமெந்து தாமதமாகவே இறுகும். 10 பாகை அளவான நாட்களில் தாழ்நாட்டில் எடுக்கும் காலத்தைப்போல் இரு மடங்கு காலம் முட்டுகளை எடாமல் விடுதல் நன்று. உறைபனி விழும் இரவுகளிற் புதுப்பூச்சை மூடாமல் விடலாகாது.

ஈரத்தைத் தடுக்கும் பொலித்தீன் படையை எப்பொழுதும் சூடான பக்கத்திலேயே வைக்க. குஞ்சு அறைக்குச் சூடான பக்கம் உட்புறம்; குளிர் அறைக்கு அது வெளிப்புறம். இது மாறினால் நுரையினுள் நீர் சேர்ந்து அதன் வெப்பங் காக்கும் குணம் கெடும்.

முடிவாக

புதிய கட்டடப் பொருளைக் கண்டவுடன் ஏற்றலும் தகாது. புதியது என்பதற்காகத் தள்ளலும் தகாது. 2015 ஆம் ஆண்டையடுத்து வடக்கு கிழக்கு மாகாணங்களுக்கு 65,000 உருக்கு வீடுகள் முன்மொழியப்பட்டபோது, “வெப்பம் எப்படி? எத்தனை ஆண்டு நிற்கும்? பழுது வந்தால் எம்மூர் மேசனாற் திருத்த இயலுமா?” என மக்கள் கேட்டனர். அக்கேள்விகள் நியாயமானவை. சுவர்ப்பலகை விற்பவரிடமும் அவற்றையே கேட்க வேண்டும்.

சுருங்கக் கூறின்: தேவையை முதலில் ஆராய்க. பிணைப்பைக் கண்ணாற் கண்டபின் வாங்குக. இலேசுப் பலகையைத் தூணுக்கும் விட்டத்துக்கும் இடையே மாத்திரம் வைக்க. மண்ணையும் கிழங்கையும் பசளையையும் சுவரில் சார்த்தற்க. ஓரங்களை அடைக்க. நீரை வடியச் செய்க. இவ்வாறு கட்டிய சுவர் குஞ்சுக்கும் கன்றுக்கும் விதைக்கும் நெடுங்காலம் காவலாய் நிற்கும்.

கட்டடம் அமைக்க எண்ணும் கமக்காரர், இடத்தின் அளவையும் வளர்க்கும் உயிரினத்தின் தொகையையும் எழுதிக்கொண்டு தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை நிலம் வெட்டுமுன்னரே கண்டு ஆலோசனை பெறுவாராக. கூரையைத் தாங்கும் சுவராயின் தகுதிவாய்ந்த பொறியியலாளரின் வரைபடமும் இன்றியமையாதது. மண் வெட்டிய பின்னர்க் கேட்கும் ஆலோசனை பாதிப் பயனே தரும்.